பெயரில்லாத பொத்தான்கள்: ஜெலாப்பாங்கில் ஒரு டிக்கெட் வாங்கப் போனபோது

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி, பண்டார் மேரு ராயாவில் நிற்கிறது ஜெலாப்பாங்கின் அமான்ஜெயா பேருந்து நிலையம். கோலாலம்பூர், பட்டர்வொர்த், ஜொகூர் பாரு என்று நாட்டின் எல்லாத் திசைக்கும் ஈப்போக்காரர்கள் இங்கிருந்துதான் பஸ் ஏறுகிறார்கள். 2012இல் இது திறக்கப்படும்வரை அந்த பஸ்கள் மெடான் கோப்பெங்கில் நின்றன. அங்கே இடம் நெருக்கம், வெயில், புகை. ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் மனிதக் குரல் இருந்தது. இங்கே கூரை உயரம், தரை வழவழப்பு. பஸ் எப்போது, எந்த வாசலில் என்பதைத் திரைகள் சொல்கின்றன. டிக்கெட்டைப் பெரும்பாலோர் வீட்டிலேயே கைப்பேசியில் வாங்கிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போகிறார்கள்.

என்னோடு வந்தவர் எனக்கு அண்ணன் முறை. செமோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் வீட்டு மனையான பிறகு லாரி ஓட்டினார். இனிப்பு நீர் முற்றி இரண்டு கண்ணும் போய்விட்டன. நம் மக்களிடையே இது புதிய கதை அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். ஐம்பது வயதுக்கு மேல் பார்வை போகிறவர் பிரெயில் படித்து வளர்ந்தவர் அல்லர். அவருக்குப் புதிதாகக் கிடைக்கும் கண் என்றால் அது பேசும் கைப்பேசிதான். அண்ணன் அதைப் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டார். வாட்சாப்பில் குரல் செய்தி அனுப்புகிறார், செய்தி கேட்கிறார், மகளுக்கு வீடியோ அழைப்பு போடுகிறார். மகள் கோலாலம்பூரில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை அவளைப் பார்க்கப் போக, பண்டார் தாசேக் செலாத்தான் நிலையத்துக்கு ஒரு டிக்கெட் வேண்டும்.

காத்திருக்கும் கூடத்தில் ஓர் ஓர இருக்கையில் உட்கார்ந்தோம். டிக்கெட்டை அண்ணன் தன் கைப்பேசியில் தானே வாங்க வேண்டும், நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. சிக்கினால் அங்கேயே கவுண்டர் இருக்கிறது. எந்தச் செயலி என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு நிறுவனத்தைக் குறை சொல்வது நோக்கம் அல்ல. பிறகு வேறு சில பயணச் செயலிகளையும் திறந்து பார்த்தேன், இதே குறைகளில் பலவற்றை அவற்றிலும் கண்டேன்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் என்றொரு திரைவாசிப்பான் உண்டு, ஐபோனில் வாய்ஸ்ஓவர். விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று கைப்பேசி குரலில் சொல்லும். அதைத் திறக்க இருமுறை தட்ட வேண்டும். வலப்பக்கம் விரலை வழித்தால் அடுத்ததுக்குப் போகும். கண் உள்ளவர் ஒரு பார்வையில் திரை முழுவதையும் அள்ளிவிடுவார். இவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு மனத்துக்குள் திரையைக் கட்ட வேண்டும். குரல் சொல்வது தெளிவாக இருந்தால் இது முடியாத வேலை அல்ல. அண்ணன் தன் வங்கிச் செயலியில் மீதிப் பணம் பார்க்கும் வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியாது.

டிக்கெட் செயலி திறந்தது. "பட்டன்," என்றது குரல். விரலை வழித்தார். "பட்டன்." இன்னொரு முறை. "பெயரில்லாத பட்டன்." திரை முழுவதையும் ஒரு விளம்பரப் படம் மறைத்திருந்தது. அதை மூடும் சிறிய பெருக்கல் குறி வலது மூலையில் இருந்தது. அந்தக் குறிக்குச் செயலியை எழுதியவர் பெயர் கொடுக்கவில்லை. அதனால் அது எதற்கான பொத்தான் என்று கைப்பேசிக்கே தெரியாது. "இருக்கறதுலயே சின்னதா ஒண்ணு மூலையில இருக்கும், தேடிப் பிடிக்கணும்," என்று சொல்லிக்கொண்டே அண்ணன் விரலை நகர்த்தினார். பழக்கத்தால் கண்டுபிடித்துவிட்டார். புதிதாக வருகிற ஒருவர் அங்கேயே நின்றுபோவார்.

புறப்படும் இடமும் சேரும் இடமும் பரவாயில்லை, எழுத்தாக இருந்தன. தேதி வந்ததும் சிக்கல். நாட்காட்டிக் கட்டங்களில் குரல் "பதினான்கு, பதினைந்து" என்று எண்ணை மட்டும் சொன்னது. எந்த மாதம், என்ன கிழமை, எது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் திரையில் நிறமாக மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமையை விரலால் எண்ணிக் கண்டுபிடித்தார்.

இருக்கை தேர்ந்தெடுக்கும் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணச் செயலிகளின் இதயமே அதுதான். நம் நாட்டு நெடுந்தூரப் பேருந்துகளில் பொதுவாக ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் ஒன்று என்று இருக்கைகள் இருக்கும். பார்வை இல்லாதவருக்கு முன்பக்கத்தில், கதவுக்கு அருகில், தனி இருக்கை கிடைத்தால் பெரிய நிம்மதி: ஏறி இறங்கத் தடுமாற வேண்டாம், ஓட்டுநரிடம் கேட்கலாம், ஓய்வு நிறுத்தத்தில் தொலைந்துபோக வேண்டாம். அதாவது எல்லாப் பயணிகளிலும் இருக்கையைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை அதிகம் உள்ளவர் அவர்தான். அந்தப் பக்கத்தில்தான் செயலி முற்றாக ஊமையானது. திரையில் பேருந்தின் படம். காலி இருக்கை ஒரு நிறம், விற்றது வேறு நிறம், நாம் தொட்டது மூன்றாவது நிறம். குரலோ "படம்... படம்... படம்..." என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனது. எண் இல்லை, ஜன்னலோரமா என்பது இல்லை, காலியா என்பதும் இல்லை. அண்ணன் இருமுறை தட்டினார். எதுவும் கேட்கவில்லை. இருக்கை பிடிபட்டதா, பிடிபடவில்லையா? நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொட்டது ஏற்கெனவே விற்றுப்போன இருக்கை.

நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக் கூடாது என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் அடிப்படைப் படியிலேயே உள்ள விதி. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்று தொழில்நுட்பக்காரர்கள் சொல்லும் அந்த வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு 2008இல் வந்தது, 2012இல் அனைத்துலக ஐ.எஸ்.ஓ. தரமானது, 2023 அக்டோபரில் 2.2 என்று புதுப்பிக்கப்பட்டது. இணையப் பக்கங்களுக்காக எழுதப்பட்டாலும் செயலிகளையும் அதே அளவுகோலில்தான் சோதிக்கிறார்கள். பார்வையற்றவருக்கு மட்டும் எழுதிய விதி அல்ல அது. சிவப்பு பச்சை பிரித்தறியாத ஆண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைத் திரையில் படிக்க முடியாத தாத்தா பாட்டிகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. என் கைப்பேசியில் எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்து அதே செயலியைத் திறந்தேன். பணம் செலுத்தும் பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது, உருட்டினாலும் வரவில்லை. கண்ணாடி போட்டும் படிக்கச் சிரமப்படும் ஒரு பாட்டி எழுத்தைப் பெரிதாக்கியதற்காகப் பயணத்தையே இழப்பார்.

இருக்கையை நான் வாயால் சொல்லி உதவினேன். அடுத்து நேரம் ஓடத் தொடங்கியது. பிடித்த இருக்கையைச் சில நிமிடம்தான் வைத்திருப்போம் என்று கடிகாரம் திரையின் மேல் மூலையில் இறங்கிக்கொண்டிருந்தது. குரல் அதைச் சொல்லவே இல்லை. பெயர், அடையாள அட்டையின் பன்னிரண்டு எண், தொலைபேசி, மின்னஞ்சல். ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு நிரப்பினார். ஓர் எண் விட்டுப்போயிருந்தது. கட்டத்தின் ஓரம் சிவப்பானது, அவ்வளவுதான் எச்சரிக்கை. அதைத் திருத்தி வங்கிக்குத் தாவி, வங்கிச் செயலியில் ஒப்புதல் கொடுத்துத் திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்தது. திரை முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. "பட்டன்," என்றது குரல். நல்ல வேளையாகப் பணம் பிடிக்கப்படவில்லை.

இருக்கையை நெடுநேரம் பூட்டிவைக்க நிறுவனத்தால் முடியாது என்பது நியாயம். ஆனால் நேரம் முடியும் முன் எச்சரித்து, "இன்னும் நேரம் வேண்டுமா?" என்று ஒரு முறை கேட்பதில் யாருக்கும் நட்டமில்லை. கண் பார்க்கும் வேகத்தை எல்லோருடைய வேகமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டதால் வந்த வினை இது.

அண்ணனின் ஓ.கே.யூ. எனும் மாற்றுத்திறனாளி அட்டையை அந்தச் செயலியில் எங்கே காட்டுவது என்றும் தேடினோம். மாற்றுத்திறனாளி என்று குறிக்கும் இடமே இல்லை. சக்கர நாற்காலியோடு வருகிறேன், ஏற உதவி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லவும் வழி இல்லை. மொழித் தேர்வில் மலாயும் ஆங்கிலமும் இருந்தன. அண்ணனுக்கு மலாய் நன்றாக வரும். ஆனால் அவருடைய கைப்பேசிக் குரல் ஆங்கிலக் குரல். மலாய்ச் சொற்களை அது ஆங்கில உச்சரிப்பில் சிதைத்துச் சொல்லியது. இந்தப் பக்கம் மலாய் என்று செயலி தனக்குள் குறித்து வைத்திருந்தால், மலாய்க் குரல் உள்ள கைப்பேசி அதற்கு மாறிக்கொள்ளும். சுங்கை சிப்புட் பக்கம் இன்னும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த, தோட்டத்தில் வாழ்நாளைக் கழித்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் திரையில் ஒரு வரிகூட இல்லை.

எழுந்து கவுண்டருக்குப் போனோம். அங்கிருந்த மலாய்ப் பெண் "பாக்சிக், முன்சீட்டா?" என்று தானே கேட்டு, தனி இருக்கையைக் கொடுத்து, வாசல் எண்ணை இருமுறை சொன்னார். சில நிமிடத்தில் வேலை முடிந்தது. நெகிழ்ச்சியாக இருந்தது, நான் அதை அண்ணனிடம் சொல்லவும் செய்தேன்.

"நல்ல பொண்ணுதான் தம்பி, இல்லேங்கல. ஆனா ஒவ்வொரு தடவையும் டிக்கெட் வாங்க ஒரு தடவ, பஸ் ஏற ஒரு தடவன்னு ரெண்டு தடவ கிராப் காசு கொடுத்து நான் இங்க வரணும். தீபாவளிக்கு எல்லா டிக்கெட்டும் ராத்திரி போன்லயே வித்துப்போயிரும். காலையில நான் கவுண்டருக்கு வந்து என்னத்த வாங்க?"

இதுதான் விஷயத்தின் அடி. கைப்பேசி விற்பனை கூடுதல் வசதியாக இருந்தவரை கவுண்டர் மாற்றாக இருந்தது. பண்டிகைக் கால டிக்கெட் கைப்பேசியில் முதலில் விற்றுத் தீரும்போது, கவுண்டரில் மிச்சம்தான் கிடைக்கிறது. பேருந்து நிலையத்தின் உண்மையான வாசல் இப்போது செயலிதான். அந்த வாசலில் படிக்கட்டு மட்டும் கட்டி, சாய்தளம் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

கட்டட வாசலுக்குச் சட்டம் உண்டு. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகளில் 34ஏ என்ற பிரிவு பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் உள்ளே வந்து புழங்க வழி வேண்டும் என்கிறது. எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரம் சாய்தளத்தின் சரிவு முதல் கழிவறைக் கைப்பிடி வரை அளவு சொல்கிறது. அதிகாரி நாடாவை எடுத்து அளக்கலாம், தவறு என்றால் அனுமதியை நிறுத்தலாம். செயலி வாசலுக்கு என்ன இருக்கிறது? 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, இருக்கிறது. அதன் 27ஆம் பிரிவு பொதுப் போக்குவரத்தை மற்றவர்களுக்கு ஈடாகப் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. 30ஆம் பிரிவு தகவல், தொடர்பு, தொழில்நுட்பத்துக்கு அதே உரிமையைச் சொல்கிறது. டிக்கெட் செயலி இரண்டு பிரிவுக்கும் நடுவில் சரியாக வந்து உட்காருகிறது. 2010இல் மலேசியா ஏற்று உறுதிசெய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆம் விதியும் போக்குவரத்தையும் தகவல் தொழில்நுட்பத்தையும் ஒரே மூச்சில் பேசுகிறது. ஆனால் சட்டம் 685 அந்த உரிமையை மீறுபவருக்குத் தண்டனை எதுவும் வைக்கவில்லை. 41ஆம் பிரிவு அரசுக்கே வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. உரிமை என்று எழுதி, கேட்க வழி வைக்காமல் விட்ட சட்டம் அது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கேட்காமல் எதுவும் கிடைத்ததில்லை என்பதும் இந்த நாட்டு வரலாறுதான். 2007இல் நடக்க இயலாத பயணிகளை ஏற்ற மறுத்த ஏர்ஆசியாவை எதிர்த்து, தடையில்லாப் போக்குவரத்துக்காகப் போராடிய குழுவினர் சக்கர நாற்காலிகளோடு சிப்பாங் மலிவுக் கட்டண முனையத்தில் கூடினார்கள். அந்தக் காலத்தில் தடை என்பது கண்ணுக்குத் தெரிந்தது: விமானத்தின் படிக்கட்டு. அதைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போடலாம். அண்ணன் முட்டி நிற்கும் தடையைப் படம் பிடிக்க முடியாது. பார்க்கிறவர் கண்ணுக்குத் திரை அழகாகத்தான் இருக்கிறது.

இந்தத் தடையை முதலில் நீதியின் முன் வைத்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் புரூஸ் மெக்வயர். பிறவியிலேயே பார்வையற்றவர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் டிக்கெட் கையேட்டைப் பிரெயிலில் கேட்டார், இணையதளத்தில் படங்களுக்கு எழுத்து விளக்கம் கேட்டார். ஏற்பாட்டுக் குழு மறுத்தது. தளத்தைத் திருத்த ஓராண்டுக்கு மேல் ஆகும், பெருஞ்செலவு என்று வாதிட்டது. நிபுணர்கள் வந்து அவ்வளவு வேலை இல்லை என்றார்கள். அந்நாட்டு மனித உரிமை ஆணையம் மெக்வயர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சொன்னதைச் செய்யாததற்காகக் குழு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. ஒரு படத்துக்குப் பெயர் எழுதாததால் வந்த வழக்கு அது. கால் நூற்றாண்டு கழித்து ஜெலாப்பாங்கில் "படம்... படம்..." என்று அதே குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மற்ற நாடுகள் நகர்ந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. மின் டிக்கெட் சேவைகளும் டிக்கெட் எந்திரங்களும் அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. இந்தியாவில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கினார்கள். கைப்பேசி வழி அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொன்னபோது அமிலவீச்சுக்கு ஆளானவர்களாலும் பார்வையற்றவர்களாலும் அதைச் செய்ய முடியாமல் தொடரப்பட்ட வழக்கு. டிஜிட்டல் அணுகல் என்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது நீதிமன்றம்.

திருத்தத்துக்கு எவ்வளவு செலவு என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்கச் செயலியின் நிரலில் ஒரு வரி போதும். "மூடு", "7ஏ, தனி இருக்கை, காலி", "7ஏ தேர்ந்தெடுக்கப்பட்டது". இருக்கைப் படம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதனோடு காலி இருக்கைகளின் எழுத்துப் பட்டியல் ஒன்று சேர்ந்தால் போதும். செலவு குறைவு. ஆனால் செயலியை வெளியிடும் முன் பார்வையற்ற ஒருவரையும், சக்கர நாற்காலியில் வருபவரையும், காது கேளாதவரையும் கூலி கொடுத்து உட்காரவைத்துச் சோதிக்க வேண்டும். வாசல் மாறியதை ஒலிபெருக்கி மட்டும் சொன்னால் காது கேளாதவர் பஸ்ஸை விடுவார். அதைச் செயலி அறிவிப்பாக அனுப்ப முடியும். இதெல்லாம் அப்படிச் சோதித்தால்தான் தெரியவரும்.

சட்டம் 685 திருத்தப்பட வேண்டும், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 2010ஆம் ஆண்டின் தரைவழிப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்படி பேருந்து நிறுவனத்துக்கும் நிலையத்துக்கும் உரிமம் வேண்டும், அதைக் கவனிப்பது அபாட் எனும் தரைவழிப் பொதுப் போக்குவரத்து முகமை. டிக்கெட் விற்கும் செயலி அணுகல் தரத்தில் தேறிய சான்றைக் காட்டினால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். தங்கள் டிக்கெட்டை வேறொரு செயலி விற்றாலும் பொறுப்பு பேருந்து நிறுவனத்துடையது என்று அதே வரியில் எழுதிவிடலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய மன்றம் இந்தக் கோரிக்கையை முன்வைக்கச் சரியான இடம்.

படிக்கிற உங்களிடம் கேட்பது ஒன்று. உங்கள் கைப்பேசி அமைப்பில் அணுகல் வசதிக்குப் போய் டாக்பேக்கையோ வாய்ஸ்ஓவரையோ திறந்து, கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் வழக்கமாக வாங்கும் பஸ் டிக்கெட்டை வாங்கிப் பாருங்கள். எங்கே சிக்கியது என்பதைக் குறித்து அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள், நகலை அபாட்டுக்கும் போக்குவரத்து அமைச்சுக்கும் அனுப்புங்கள். அண்ணனின் புகாரை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்பிவிட்டேன்.